சாவி யார் கையில்?

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி. மலை பார்க்க வருகிறவர்களையும் அய்யனார் கோயிலுக்கு வருகிறவர்களையும் நம்பி ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மகளிர் குழுக் கணக்கும் என் பொறுப்புதான். கடை வரவு ஜிபே, போன்பேயில் வருகிறது. குழுப் பதிவேட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் பகிர்ந்துகொள்கிறோம். மருமகன் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கித் தந்த ஆண்ட்ராய்டு போன். ஜிமெயில் எல்லாம் செல்போன் கடைத் தம்பி போட்டுக் கொடுத்தது.

பத்து நாளாகப் போன், ‘புதிய பதிப்பு தயார், இப்போதே நிறுவலாமா?’ என்று நச்சரிக்கிறது. ‘பிறகு’ என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். காரணம், எதிர்வீட்டு அண்ணன். அவர் போன மாதம் அப்டேட் போட்டார். முடிந்ததும் போன், பூட்டைத் திறக்கும் நம்பரைக் கேட்டது. அவருக்கு எப்போதும் நம்பர் போட்டுத் தருவது பேரன். அவன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். அண்ணன் தப்புத் தப்பாகப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே ‘சாஃப்ட்வேர் போயிருச்சு’ என்று சொல்லி ஃபார்மட் அடித்தார்கள். போட்டோ, நம்பர் எல்லாம் போயிற்று. இப்போது போன் ஏதோ பழைய ஜிமெயிலைக் கேட்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை.

அப்டேட் போட்டால் எல்லாம் அழிந்துவிடுமா? போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்? போடாமலே இருந்துவிட்டால் என்ன?

– ஒரு வாசகி, கீழக்குயில்குடி

பதில்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடுங்கள். ஆனால் இன்று ராத்திரியே வேண்டாம். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

எதிர்வீட்டில் நடந்தது

அண்ணனின் போட்டோக்களை அழித்தது அப்டேட் இல்லை. நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரியும். அப்டேட் முடிந்ததும் போன் ஒருமுறை அணைந்து எழும். அப்படி எழுந்தவுடன் எந்தப் போனும் கைரேகையை ஏற்காது. பின் நம்பரையோ பேட்டர்னையோ ஒரு தடவை போட்டாக வேண்டும். போனுக்குள் இருப்பதெல்லாம் பூட்டி வைத்த எழுத்து, அந்தப் பூட்டைத் திறப்பது உங்கள் நம்பர்தான். 2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து புதுப் போன்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பூட்டு கட்டாயம். நம்பர் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருக்கும் போட்டோவை எடுத்துத் தர முடியாது. பேரனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அழிந்தது ஃபார்மட் அடித்ததில். அதற்குப் பிறகு வந்த ஜிமெயில் கேள்வி, திருட்டுப் போனை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக 2015-ல் ஆண்ட்ராய்டு 5.1-லேயே வந்த காவல். ஃபார்மட் அடித்த போன், கடைசியாக அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருடனைத் தடுக்க வைத்த கதவு, பாஸ்வேர்டு தெரியாத சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அப்டேட் இல்லை, ‘ஜிமெயில் எல்லாம் கடைத் தம்பி போட்டுக் கொடுத்தது’ என்ற ஒரு வரிதான்.

அப்டேட் என்ன செய்கிறது?

கடைக்குக் கூரை மாற்றுவது போலத்தான் இது. ஆள்கள் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்வார்கள், சரக்கில் கை வைப்பதில்லை. போனிலும் இயங்குதளம் ஓர் இடத்தில், உங்கள் படங்களும் ஆப்களும் வேறோர் இடத்தில் இருக்கின்றன. அப்டேட் மாற்றுவது முதல் இடத்தை மட்டும்.

2016-ல் ஆண்ட்ராய்டு 7-உடன் கூகுள் இன்னொரு பாதுகாப்பையும் கொண்டுவந்தது. இந்த வசதி உள்ள போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இருக்கைகள். நீங்கள் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதியது மற்றதில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். போன் அணைந்து எழும்போது அங்கே மாறிக்கொள்ளும். புதியது எழுந்து நிற்காவிட்டால் பழைய இருக்கைக்கே திரும்பிவிடும். இந்த வசதி இல்லாத போன்கள் திரையில் ஒரு கோடு நகர, அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைப்பதுதான் ஆபத்து.

சரக்கைத் தொடமாட்டார்கள் என்றாலும் கூரை பிரிக்கும் நாளில் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம் அல்லவா? பேக்கப் என்பது அந்தத் தார்ப்பாய்.

ஏன் போட வேண்டும், ஏன் பொறுக்க வேண்டும்?

போனில் பணம் புழங்குகிறவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பதே அதன் முதல் வேலை. இரண்டாவது, பழைய பதிப்புகளை ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும். ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1-லிருந்து வேலை செய்வதில்லை. மூன்றாவது, சில வசதிகள் அப்டேட்டில்தான் வரும். 2022 அக்டோபர் 1-ல் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி சிப் உள்ளே இருந்தும் பல போன்களில் சிக்னல் வரவில்லை. ஐபோன்காரர்கள் அந்த டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 வரை காத்திருந்தார்கள்.

அதற்காக அப்டேட் தவறே செய்யாது என்று சொல்லமாட்டேன். ஐஓஎஸ் 18-க்கு மாறிய பிறகு போன் சரியாக வேலை செய்யவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்ததையடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். கம்ப்யூட்டர் உலகில் 2024 ஜூலை 19 யாருக்கும் மறக்காது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதனால்தான் போன் நிறுவனங்கள் அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு பரப்புகின்றன. உங்கள் நாத்தனார் போனில் வந்தது உங்கள் போனில் வர இரண்டு வாரம் ஆகலாம். நமக்கும் அதே நிதானம் நல்லது. முழுப் பதிப்பு மாறும் பெரிய அப்டேட் என்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள், அதே மாடல் வைத்திருப்பவரை விசாரியுங்கள். மாதாமாதம் வரும் சிறிய பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் வந்தவுடனே போட்டுவிடுங்கள். பெரியதைப் போட்டபின் பழையதற்குத் திரும்பச் சுலபமான வழி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

முதல் வேலை: சாவிக்கொத்து

நகல் எடுப்பதற்கும் முந்திய வேலை இது.

திரைப் பூட்டின் நம்பரை நீங்களே உங்கள் கையால் போட்டுத் திறந்து பாருங்கள். கைரேகை எத்தனை நாள் வேலை செய்தாலும் நம்பர் உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

அடுத்தது கூகுள் கணக்கு. செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்ற இடத்தைத் திறந்தால் மேலே ஒரு ஜிமெயில் முகவரி தெரியும். அது உங்கள் பெயரில் இருக்கிறதா, மருமகன் பெயரிலா, கடைத் தம்பி அவசரத்தில் போட்ட ஏதோ எண்களா என்று பாருங்கள். பிறகு ‘பாதுகாப்பு’ பகுதியில் மீட்பு எண்ணாக யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். வேறு யாருடையதாக இருந்தாலும் எடுத்துவிட்டு உங்கள் நம்பரைப் போடுங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ‘மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்துங்கள். ஏற்கனவே அந்தக் கணக்கு திறந்திருக்கும் இந்தப் போனையே சாட்சியாக வைத்து, புதிய பாஸ்வேர்டு போடக் கூகுள் பெரும்பாலும் வழிவிடும். போன் பூட்டிக்கொண்ட பிறகு அந்தச் சாட்சி இருக்காது. எதிர்வீட்டு அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோவில் வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது போல. யு.பி.ஐ. பின் நம்பரை மட்டும் எங்குமே எழுத வேண்டாம்.

வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் தனிச்சாவி உண்டு. 2021-லிருந்து விருப்பப்பட்டவர்கள் அதற்குப் பாஸ்வேர்டோ 64 இலக்க எண்ணோ வைக்கலாம். யாராவது உங்கள் போனில் அதை வைத்திருந்து உங்களுக்குத் தெரியாமல் போனால், பேக்கப் கூகுளில் பத்திரமாக இருந்தும் பயனில்லை. வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் அதைத் திறந்து தர முடியாது.

உங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதாக இருக்காது. சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வட்டெழுத்தில் இருக்கின்றன. கல் கெடவில்லை, எழுத்தும் பெரும்பாலும் அழியவில்லை. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வந்தபின் வட்டெழுத்து மெல்ல வழக்கொழிந்து, இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோடி அதன் இடத்துக்கு வந்தது. அதனால் இன்று அதன் முன்னால் நிற்கும் தமிழருக்கே அது தமிழென்று தெரிவதில்லை. கல்வெட்டுக்காவது படித்துச் சொல்லத் தொல்லியல் அறிஞர் இருக்கிறார். உங்கள் வாட்ஸ்அப் பேக்கப்புக்கு அப்படி ஒருவர் கிடையாது.

இரண்டாம் வேலை: நகல்

தொடர்பு எண்களில் தொடங்குங்கள். உங்கள் எண்கள் சிம்மில் இருக்கின்றனவா, போனில் இருக்கின்றனவா, கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் மட்டும் இருப்பவை ஃபார்மட்டோடு போய்விடும். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றிவிட்டால் வேறு எந்தப் போனிலும் எடுத்துக்கொள்ளலாம்.

போட்டோவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸ் ‘பேக்கப் ஆகிவிட்டது’ என்று காட்டுவது பெரும்பாலும் கேமராவில் எடுத்த படங்களைத்தான். வாட்ஸ்அப்பில் வந்தவை தனி ஃபோல்டரில் இருக்கும், அந்த ஃபோல்டருக்கும் பேக்கப்பை நீங்களே ஆன் செய்ய வேண்டும். குழு உறுப்பினர்கள் அனுப்பிய ரசீதுப் படங்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு எடுக்கும் நகல் போனுக்குள்ளேயே இருப்பது, அதை நம்ப வேண்டாம். ஆப்பின் செட்டிங்ஸில் ‘சாட் பேக்கப்’ போய், கூகுள் கணக்குக்குக் கடைசியாக எந்தத் தேதியில் போனது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்திய தேதி இருந்தால் இடம் நிரம்பியிருக்கக்கூடும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. மெயில், படங்கள், டிரைவ் எல்லாம் அதற்குள்தான். 2021 ஜூனிலிருந்து போட்டோக்களும், 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. பேக்கப்பில் வீடியோவை விலக்கினாலே பாதி இடம் மிஞ்சும்.

விலைமதிப்பான படங்களுக்கு இரண்டாவது நகலாக ஓ.டி.ஜி. பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கம் கம்ப்யூட்டருக்கும் மறுபக்கம் போனுக்கும் செருகும் வகை. பேத்தியின் காதுகுத்து வீடியோ போன்ற பெரிய ஃபைல் அதில் ஏறாமல் அடம் பிடித்தால் பென்டிரைவ் பழுது என்று நினைக்காதீர்கள். ‘ஃபேட் 32’ முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றினால் ஏற்றுக்கொள்ளும்.

குழுக் கணக்குக்கு எழுதிய நோட்டுதான் மூலம், போன் அதன் நகல். நோட்டை விட்டுவிடாதீர்கள்.

ஜிபே, போன்பே

அப்டேட்டால் வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு ஒன்றும் ஆகாது. யு.பி.ஐ. ஆப், உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் உங்களை அடையாளம் கண்டுகொள்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் மறுபடி அதைக் கேட்கலாம். அதனால் வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் போனிலேயே இருக்கட்டும், எஸ்.எம்.எஸ். போகிற அளவுக்கு ரீசார்ஜும் இருக்கட்டும். பலருக்கு ‘ஜிபே போச்சு’ என்று தோன்றுவது ரீசார்ஜ் முடிந்த சிம்மால்தான். டெபிட் கார்டு கைவசம் இருந்தால், பின் நம்பர் மறந்தாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பின் நம்பர் இல்லாமல் சிறு தொகை அனுப்பும் யு.பி.ஐ. லைட் வைத்திருந்தால், அதில் இருக்கும் தொகையை முன்கூட்டியே வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் தொகை அந்தப் போனில் இருக்கும் ஆப்போடு கட்டப்பட்டது. போன் ஏதாவது தகராறு செய்தால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

நெட், இடம், கரண்ட்

பெரிய அப்டேட் 2, 3 ஜி.பி. வரலாம். தினமும் 1.5 ஜி.பி. பேக் போட்டிருப்பவருக்கு ஒரு நாள் நெட் போதாது. அளவு தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ்-க்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 3 ஜி.பி. இறங்க நான்கு நாளுக்கு மேல் ஆகும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வைஃபை உள்ள வீட்டுக்குப் போங்கள், அல்லது கூடுதல் டேட்டா பேக் போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நின்றாலும் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து இறங்கும்.

இறங்கியதை விரித்து உட்கார வைக்க அதைவிடக் கூடுதல் இடம் வேண்டும். 8, 10 ஜி.பி. காலியாக இருப்பது நல்லது. ‘குட்மார்னிங்’ படங்களையும் ஃபார்வர்டு வீடியோக்களையும் அழித்தாலே பலருக்கு இந்த இடம் கிடைத்துவிடும்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குழுக் கூட்டத்துக்கு முந்தின நாளோ, தவணை கட்டும் நாளோ, கோயிலில் கூட்டம் இருக்கும் நாளோ வேண்டாம். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் இடங்களைப் பேப்பரில் போடுகிறார்களே, அதில் உங்கள் பகுதி இல்லாத நாளாகப் பாருங்கள். கடையை அடைத்துவிட்டு, சார்ஜ் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது தொடங்குங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். கவரைக் கழற்றித் தரையிலோ மேஜையிலோ வையுங்கள். தலையணை மேல் வைத்தால் சூடு வெளியேறாது.

போட்ட பிறகு

முதல் ஓரிரு நாள் போன் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். ஆப்களையும் படங்களையும் புதிய பதிப்புக்கு ஏற்ப அது அடுக்கிக்கொண்டிருக்கிறது. ‘பேட்டரி போயிருச்சு’ என்று கடைக்கு ஓடாதீர்கள். பிளே ஸ்டோரில் ஆப்களை அப்டேட் செய்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தமிழ் கீபோர்டு மறைந்திருந்தால் செட்டிங்ஸில் ‘மொழி’ பகுதியில் மறுபடி ஆன் செய்தால் போதும். அலாரம் அடிக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரமாகியும் சரியாகாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கும் கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போனின் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். வாட்ஸ்அப்பில் ‘பேங்க் அப்டேட்’, ‘டிராபிக் அபராதம்’ என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல் வந்தால், தெரிந்தவரே அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். அவர் போனையே யாரோ பிடித்திருக்கலாம். தவறித் தொட்டுப் பணம் போனால் நேரம் கடத்தாமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எதிர்வீட்டு அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. போட்டோக்கள் திரும்பாது, போன் திரும்பலாம். அந்த ஜிமெயில் பேரனுடையதா என்று முதலில் அவனிடம் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாங்கிய பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரிக்கட்டும். ‘பூட்டை உடைத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் இடங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் அப்டேட் போட்ட மறுநாள் காலை, கடை திறந்ததும் முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் மருமகனுக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரி. ஆனால் அந்த ரூபாயை அனுப்பும்போது போனைத் திறக்கும் நம்பரை நீங்களே போடுங்கள்.